புதன்கிழமைக் கழகத்தின் ஆறாவது ஆள்

ஹில்ஸ்பரோ, ஆக்லாந்து
10 டிசம்பர் 2014

கோபமான தனுஷா அக்காவுக்கு,

போனில் என்னைத் தடுத்துவிட்டாய். முகநூலில் தடுத்துவிட்டாய். தபால்காரரை எப்படித் தடுப்பாய் என்று பார்க்கலாம். அவர் எங்கள் தெரு நாய்களையே தாண்டி வருகிறவர்.

என் போனும் லாப்டாப்பும் அம்மாவின் அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் சிறை இருக்கின்றன. அதனால்தான் பேனை. பத்து வயதில் இங்கே வந்த பிறகு நான் தமிழில் எழுதும் முதல் நீளமான விசயம் இது. உன் சிவப்புப் பேனையைத் தூர வைத்துவிட்டு வாசி.

வீட்டுச் செய்தி: அப்பா இன்னும் என்னோடு கதைக்கவில்லை. இன்றோடு ஏழு வாரம். "சோறு போடவா அப்பா?" என்று நான் கேட்டால், அம்மாவைப் பார்த்து "காணும்" என்கிறார். இரவில் பாண் சுடும் தொழிற்சாலை, பகலில் தூக்கம். புதன்கிழமைகளில் மட்டும் காலையில் காரை எடுத்துக்கொண்டு எங்கேயோ போய் மத்தியானம் வருகிறார். எங்கே என்று கேட்க எனக்கு வாய் இல்லை. எனக்கே வாய் இல்லை என்றால் யோசித்துப் பார்.

அதனால் ஒரு திட்டம், எனக்கும் பரீட்சை முடிந்து விடுமுறைதானே. பகல் செஸ் கழகம். இந்த ஊரில் இருக்கிற கழகங்கள் எல்லாம் மாலையில்தான் கூடும். இரவு வேலைக்காரர்கள் அப்போதுதான் சாப்பாட்டுப் பெட்டியோடு கிளம்புவார்கள். புதன் பகலில் ஒரு கழகம் இருந்தால் அப்பா என்றைக்காவது வருவார், எனக்கு எதிரே உட்காருவார். செஸ்ஸில் பேசாமல் இருக்கலாம், ஆனால் ‘செக்’ என்று சொல்லாமல் இருக்க முடியாது. எனக்கு அந்த ஒரு சொல் போதும்.

மண்டபம் கிடைத்துவிட்டது. மயானத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு பழைய மர மண்டபம். புதன் பத்தரையிலிருந்து ஒரு மணிவரை சும்மா கிடக்கிறதாம். நிபந்தனை ஒன்றுதான்: ஆறு உறுப்பினர்கள் வேண்டும். ஜனவரி 28 அன்று கமிட்டியிலிருந்து ஒரு பெண் வந்து தலைகளை எண்ணுவார். ஆறுக்குக் குறைந்தால் அறை யோகாவுக்குப் போய்விடும்.

பலசரக்குக் கடை, நூலகம், கோயில் என்று மூன்று இடத்தில் அறிவித்தல் ஒட்டினேன்: ‘பகலில் விழித்திருப்போரே, உங்கள் ராஜாவுக்கு ஆபத்து!’ கடைக்காரர் சொன்னார், "பத்துப் பேர் வாசிச்சவை தம்பி. ஒராள் கிழிச்சுக்கொண்டு போனவர்." நான் துள்ளினேன். "பின்பக்கத்தில மரக்கறி லிஸ்ட் எழுத," என்றார்.

கடைசியில் இரண்டு பேர் மாட்டினார்கள். வரதராஜன் அங்கிள், கோயம்புத்தூர்க்காரர். இரவெல்லாம் லண்டன் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் பார்க்கிறவர். "ஆமா தம்பி, லண்டன் தூங்கினாத்தான் எனக்கு விடியும்," என்றார். மற்றவர் வசந்தமலர் அன்ரி, மலேசியாக்காரர், இரவு நர்ஸ், கிளென் ஈடனிலிருந்து கார் ஓட்டி வருகிறார். கேரம் என்று நினைத்து வந்துவிட்டு, "பரவால்ல லா, பலகை பலகைதானே," என்று உட்கார்ந்துவிட்டார்.

என்னோடு மூன்று. மிச்சம் மூன்று பேருக்கு எங்கே போவது? கழகத்துக்கே கட்டம் சரியில்லை, அக்கா. அப்போதுதான் டிவிக்குக் கீழே அம்மா அடுக்கி வைத்திருக்கிற கல்வெட்டுகள் கண்ணில் பட்டன. செத்தவர்களுக்கு முப்பத்தோராம் நாளில் படமும் தேவாரமும் குடும்ப மரமும் போட்டு அச்சடித்துக் கொடுப்பார்களே, அந்தப் புத்தகங்கள். யாரும் வந்து மறுக்காத பெயர்கள்! மரகதம், சிவலிங்கம், இரத்தினசிங்கம் என்று மூன்றைக் கல்வெட்டிலிருந்து வெட்டியெடுத்துப் பதிவேட்டில் எழுதிவிட்டேன். அருமையான உறுப்பினர்கள். தேநீர்கூடக் கேட்கமாட்டார்கள்.

28க்குள் உயிருள்ளவர்களைப் பிடித்துவிடுவேன். நீ பதில் போடு.

தடுக்கப்பட்ட தம்பி,
கவிநேசன்


டனீடன்
13 டிசம்பர் 2014

கவி,

பதில் போடுவதில்லை என்றுதான் இருந்தேன். மூன்றாவது பெயரைப் பார்த்த பிறகு முடியவில்லை.

நீ வேறு வழி இல்லாமல் கடிதம் எழுதுகிறாய். என் காரணம் வேறு. போனில் வரும் உன் குரலை நான் இனி எப்படி நம்புவது? எழுதும்போதாவது நீ நீயாக இருக்க வேண்டி வரும்.

செய்ததை ஒருதரமாவது எழுதிப் பார்த்தாயா? ‘ஏழு வாரம்’ என்று எண்ணுகிறாய், எதிலிருந்து ஏழு வாரம் என்று எழுதவில்லை. நான் எழுதுகிறேன்.

இரத்தினசிங்கம் மாமாவின் முப்பத்தோராம் நாள் முடிந்து ஒரு கிழமை. புதன்கிழமை காலை பத்து மணி. அவரும் அப்பாவும் ஆறு வருடமாகச் செஸ் விளையாடிய நேரம். நீ பள்ளிக்கூடம் போகாமல் கராஜுக்குள் ஒளிந்து நின்று அப்பாவுக்குப் போன் எடுத்தாய். மாமாவின் குரலில், "சற்குணம், பலகையை எடுத்துக்கொண்டு வாவன்" என்றாய். அப்பா சிரிப்பார் என்று நினைத்தாயாம். இரவு வேலை முடித்து வந்து அரைத் தூக்கத்தில் கிடந்த மனிதர் "ஓம் சிங்கம், வாறன்" என்றார். சப்பாத்துப் போட்டு, பலகையை எடுத்துக்கொண்டு, ஒனஹங்காவில் மாமாவின் பூட்டிய வீட்டு வாசலில் போய் நின்றார். கதவைத் தட்டியும் இருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரி வந்து சொன்ன பிறகுதான் அவருக்கு நினைவு வந்ததாம்.

அவர் திரும்பி வந்தபோது நீ படியில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாய்.

அந்தப் பெயரை வெட்டு.

தனுஷா


ஹில்ஸ்பரோ
18 டிசம்பர் 2014

அக்கா,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. மூன்றுதரம் வாசித்தேன். நேற்றுப் புதன், அந்தப் பெயரை வெட்டத்தான் பேனையோடு போனேன். சத்தியமாக.

மண்டபக் காவலாளி சியோனே டொங்கா தீவுக்காரர், இரண்டு கதவு அகலம் இருப்பார். அவர்தான் பத்தரைக்கு என் கண் முன்னால் வாசலைத் திறந்தார். அலுமாரியைத் திறந்தார். பதிவேட்டை என் கையில் தந்தார். நான் அன்றைய பக்கத்தைப் புரட்டினேன்.

முதல் வரியில் கையெழுத்து இருந்தது. இரத்தினசிங்கம். வந்த நேரம் 10.10.

நான் போன கிழமை எழுதியது அச்செழுத்து மாதிரி. இது மாமாவின் கையெழுத்து. கடைசி ‘ம்’மிலிருந்து ஒரு கோடு கீழே இறங்கி வளைந்து மேலே போகுமே, "சிங்கமெண்டால் வால் வேண்டாமோ?" என்று அவர் கேட்பாரே, அந்த வால். தொட்டுப் பார்த்தேன். மை என் விரலில் ஒட்டியது.

மூலை மேசையில் ஒரு பலகை அடுக்கியிருந்தது. வெள்ளை ராணிக்கு முன்னால் நின்ற சிப்பாய் இரண்டு கட்டம் நகர்ந்திருந்தது. வெள்ளைக் குதிரைகள் இரண்டும் எதிரியைப் பார்க்காமல், ஆடுகிறவரைப் பார்த்துத் திரும்பி நின்றன. உனக்கு நினைவிருக்கும். "குதிரை என்ரை முகத்தைப் பாக்கோணும், இல்லாட்டிச் சொல்லுக் கேளாது." உலகத்திலேயே அப்படி அடுக்குகிறவர் அவர் ஒருவர்தான்.

சியோனேயிடம் கேட்டேன். "நீயும் நானும்தான் உள்ளே வந்தோம் ப்ரோ," என்று சாவியைக் காட்டினார். வசந்தமலர் அன்ரி வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். உடனே எழும்பிவிட்டார். "இதுல யாரு தம்பி இருந்தது? சூடா இருக்கு லா." அது வெயில் படாத மூலை.

வெளியே சரியான வெயில், அக்கா. சில்வண்டுகள் காது கிழியக் கத்தின. பேய் வருகிற நேரமா இது? மாமாவும் இரவு வேலை பார்த்தவர்தானே, பகலில்தான் ஓய்வு கிடைக்கும்போல. இப்படி ஒரு பகிடி விட்டேன். யாரும் சிரிக்கவில்லை. நானும்தான்.

இது உன் வேலையா? பழிக்குப் பழியா? என்றால் கும்பிட்டேன், நிறுத்து.

அப்படியும் என் வாலைச் சுருட்ட முடியவில்லை. கறுப்புச் சிப்பாய் ஒன்றை ஒரு கட்டம் நகர்த்தி வைத்துவிட்டு வந்தேன். பெயரை வெட்டவில்லை. வெட்டினால் கோபிப்பாரோ என்று பயம்.

கவி


டனீடன்
21 டிசம்பர் 2014

கவி,

என் வேலை இல்லை. ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் தள்ளியிருந்து மையை எப்படி ஈரமாக வைப்பேன்?

மண்டையைக் கொஞ்சம் பாவித்துப் பார். மாமாவின் வால் யாருக்குத் தெரியும்? குதிரை திரும்புவது யாருக்குத் தெரியும்? புதன் காலையில் யார் காரோடு காணாமல் போகிறார்? அப்பாதானே! உன் பையில் அறிவித்தலைப் பார்த்திருப்பார். சியோனே காலையில் கூட்டிப் பெருக்கக் கதவைத் திறக்கமாட்டாரா? அந்த நேரம் போய்விட்டு வந்திருப்பார். உன்னோடு கதைக்க அவருக்கு வாய் வரவில்லை, அதனால் மாமாவின் பெயரில் வந்து காய் நகர்த்துகிறார். உன் அப்பன்தானே, அவருக்கும் விளையாட்டு இருக்கும்.

இதை எழுதும்போது எனக்கு நெஞ்சு இளகுகிறது. நீ அவரிடம் எதையும் கேட்டுக் கெடுத்துவிடாதே. ஒரு தாளில், உன் சொந்த எழுத்தில், மன்னிப்புக் கேட்டுப் பலகையில் வை. பகிடி வேண்டாம். ஒரு வரி போதும்.

பொங்கலுக்கு வருகிறேனா என்று அம்மா கேட்டார். வேலை இருக்கிறது என்று சொன்னேன். வேலை கொஞ்சம்தான் இருக்கிறது.

தனுஷா


ஹில்ஸ்பரோ
15 ஜனவரி 2015

அக்கா, அக்கா, அக்கா!

நீ சொன்னது சரி! நத்தார், புதுவருடம் என்று இரண்டு கிழமை மண்டபம் பூட்டு. ஏழாம் தேதி போனேன். வால் இருந்தது. 10.10. முதல் சிப்பாய்க்குப் பக்கத்தில் இன்னொரு வெள்ளைச் சிப்பாய் வந்து நின்றது. நான் பதிலுக்குக் காய் நகர்த்தவில்லை. வெள்ளை ராஜாவுக்கு அடியில் தாளை மடித்து வைத்தேன். ‘அந்தக் குரலில் கதைத்தது பெரிய பிழை. மன்னியுங்கோ. கவி.’ பகிடியே இல்லை. என் வாழ்க்கையில் மிகக் கஷ்டமான இருபத்தைந்து எழுத்தோ முப்பது எழுத்தோ.

நேற்று ராஜாவைத் தூக்கினேன். தாளின் பின்பக்கத்தில் பதில்.

‘இருமலை விட்டிட்டாய்.’

விளங்குகிறதா? மாமா போனில் கதைக்க முதல் இரண்டுதரம் இருமுவாரே. நான் அன்றைக்கு அவசரத்தில் இருமவில்லை! பிழை பிடித்திருக்கிறார்! நான் மண்டபத்துக்குள் ஒற்றைக் காலில் ஆடினேன். வரதராஜன் அங்கிள், "என்ன தம்பி, ஸ்டம்பு விழுந்துருச்சா?" என்று கேட்டார். எழுத்து அப்பாவுடையதா என்று கேட்காதே. பள்ளிக்கூடத் தாள்களில் அவருக்காக நான்தான் கையெழுத்து வைக்கிறேன், அவருடைய எழுத்தை நான் எங்கே கண்டேன்?

ஒன்றே ஒன்றுதான் சரியில்லை. நேற்று மத்தியானம் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கடிதம் கிடைத்தது என்று காட்ட, நான் குசினி வாசலில் நின்று மாமா மாதிரி இரண்டுதரம் இருமினேன். சிரிப்பார் என்றுதான். அக்கா, அவர் கையிலிருந்த சோறு சாப்பாட்டுக் கோப்பையில் விழுந்தது. என்னைப் பார்த்தார். முகத்தில் இரத்தமே இல்லை. எழும்பிப் போய் அறைக் கதவைச் சாத்திவிட்டார்.

நன்றாக நடிக்கிறார் என்று நினைக்கிறேன். அப்படித்தானே?

கவி


டனீடன்
18 ஜனவரி 2015

கவி,

இதை நாளைக்கே விரைவுத் தபாலில் போடுகிறேன். புதனுக்கு முன்னால் உன் கையில் கிடைக்க வேண்டும்.

நேற்று அப்பாவோடு கதைத்தேன். மெல்லக் கழகத்தைப் பற்றிக் கேட்டேன். "என்ன கழகம்?" என்றார். விளக்கினேன். அவருக்கு ஒன்றுமே தெரியாது. நீ செஸ் விளையாடப் போகிறாய் என்பதே தெரியாது. அப்பாவுக்குப் பொய் சொல்ல வராது. அது உன்னோடு ஆரம்பித்த குணம்.

புதன்கிழமைகளில் எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன். சொன்னார், "சிங்கத்தின்ரை வீட்டுக்கு முன்னால காரில இருப்பன்." பத்தேகாலிலிருந்து பன்னிரண்டு வரை. பக்கத்து இருக்கையில் பலகையாம். அந்த வீடு இன்னும் வெறுமையாகத்தான் கிடக்கிறதாம்.

"ஏன் அப்பா அங்கை போறியள்?"

"கூப்பிட்டால் போகத்தானே வேணும் பிள்ளை."

நீ அக்டோபரில் கூப்பிட்டதற்கு மனிதர் இன்னும் போய்க்கொண்டிருக்கிறார், கவி.

கையெழுத்து யாருடையது என்று என்னிடம் கேட்காதே. பகல் மூன்று மணிக்கு அறைக் கதவைப் பூட்டி வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். புதன்கிழமை நீ அப்பாவிடம் போ. போன் வேண்டாம், தாள் வேண்டாம். நடந்து போ. உன் வாயால், உன் குரலில் கேள்.

தனுஷா


ஹில்ஸ்பரோ
21 ஜனவரி 2015

அக்கா,

போனேன்.

ஒன்பதரைக்கு இறங்கி நடந்தேன். வழியில் மூலைக்கடை டெய்ரிக்காரரின் மேசையில் போன் இருந்தது. ஒரு நிமிடம் நின்றேன். இருமலோடு ஒரே ஒரு வரி சொன்னால் அப்பா நேராக மண்டபத்துக்கு வந்துவிடுவார் என்று எனக்குத் தெரியும். என் தொண்டை தானாகவே தயாரானது. அதற்குத்தான் பயந்து ஓடினேன், பேய்க்கு இல்லை.

மாமாவின் வீட்டு வாசலை எட்டினேன், அப்போதுதான் அப்பாவின் கார் வந்து நின்றது. கண்ணாடியைத் தட்டினேன். இறக்கினார்.

"அப்பா, நான் கவி." புது ஆள் மாதிரி.

அவர் பூட்டிய வீட்டைப் பார்த்தபடியே சொன்னார். "இண்டைக்காவது நேரில வந்தாய். எப்ப நிப்பாட்டப் போறாய்?"

பதின்மூன்று வாரத்துக்குப் பிறகு முதல் கதை அதுதான்.

"எதை அப்பா?"

"போனை."

"நான் ஒருக்காத்தான் எடுத்தனான். அக்டோபரில. அதுக்குப் பிறகு போன் அம்மாவிட்டை."

"கடைப் போன் இருக்குத்தானே. ஒவ்வொரு புதனும் பத்துக்கு அடிக்குது. ‘சற்குணம், பலகையை எடுத்துக்கொண்டு வாவன்.’ முதல்தரம் இருமல் இல்லை. பிறகு இருமலோட வருது. நல்லாப் பழகிட்டாய் எண்டு நினைச்சன்."

"இண்டைக்கும் வந்ததோ?"

"கால்மணித்தியாலம் இல்லை."

அந்த நேரம் நான் டெய்ரியிலிருந்து ஓடிக்கொண்டிருந்தேன். பாக்கெட் இரண்டையும் வெளியே இழுத்துக் காட்டினேன். ஒரு பஸ் டிக்கெட்டும், கழகத்துக் கறுப்புச் சிப்பாய் ஒன்றும் விழுந்தன. அழுதேன், அக்கா. குரல் உடைந்து கீச்சென்று வந்தது. யார் மாதிரியும் இல்லை, எனக்கே கேட்கச் சகிக்காத என் குரல்.

அப்பா பூட்டிய வீட்டிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார்.

"நானெண்டு நினைச்சால் ஏன் வந்தனீங்கள்?" என்று கேட்டேன்.

"நீயெண்டு நினைச்சுத்தான் கோவிச்சன். நீயில்லாட்டி எண்டு நினைச்சுத்தான் வந்தன்," என்றார். கதவைத் திறந்துவிட்டார். பலகையை மடியில் வைத்துக்கொண்டு ஏறினேன். மண்டபத்துக்கு வழி சொன்னேன், எங்கே என்று அவர் கேட்கவில்லை.

மண்டபத்தில் வரதராஜன் அங்கிளும் வசந்தமலர் அன்ரியும் ஆடிக்கொண்டிருந்தார்கள். சியோனே எப்படிக் காய் நகர்த்துவது என்று பக்கத்தில் நின்று பழகினார். பதிவேட்டின் முதல் வரியில் வால். 10.10. அப்பா அதைப் பார்த்தார். விரலால் வாலைத் தடவினார். அதற்கு அடியில் தன் பெயரை எழுதினார். நேராக மூலை மேசைக்குப் போய்க் கறுப்புப் பக்கம் உட்கார்ந்தார். திரும்பி நின்ற வெள்ளைக் குதிரைகளைப் பார்த்து மூக்கால் ஒரு சிரிப்பு.

நான் எதிரே போய் நாற்காலியை இழுத்தேன்.

"அதில இருக்காதை," என்றார் அப்பா. "ஆள் இருக்கு. இஞ்சாலை வா. எனக்குப் பக்கத்தில இரு."

இருந்தேன். வெளியே அவ்வளவு நேரமும் கத்திய சில்வண்டுகள் ஒரே நேரத்தில் நின்றன. அப்பா மந்திரியைத் தூக்கி நீளமாக ஓட்டி வெள்ளை ராஜாவைப் பார்க்க வைத்தார்.

"செக்," என்றார். என்னைப் பார்த்து இல்லை. ஆனால் என் தோளில் கை வைத்துக்கொண்டு.

மரகதத்தையும் சிவலிங்கத்தையும் வெட்டிவிட்டேன். மன்னிப்பும் கேட்டுவிட்டேன், சத்தமாக. சியோனே சேர்ந்துவிட்டார். இப்போது நான், அங்கிள், அன்ரி, சியோனே, அப்பா. ஐந்து. 28 அன்று எண்ண வருகிற பெண்ணுக்கு மாமாவைக் காட்ட முடியாது. இன்னொரு பொய்ப் பெயர் எழுத மாட்டேன். அறை போனால் போகட்டும். ஆனால் அப்பா அந்த மேசையை விட்டு எழும்பும்போது, "அடுத்த புதனும்," என்று யாருக்கோ சொன்னார்.

கவி


டனீடன்
24 ஜனவரி 2015

கவி,

உன் கடிதம் இன்றைக்குத்தான் வந்தது. இரண்டுதரம் வாசித்தேன்.

புதன்கிழமை பதினொன்றரைக்கு எனக்கு ஒரு போன். இலக்கம் காட்டவில்லை. நீதான் என்று நினைத்துத் திட்ட வாய் திறந்தேன். முதலில் இரண்டு இருமல். பிறகு ஒரு வரி.

"பிள்ளை, ஒராள் குறையுது."

அவ்வளவுதான். எத்தனை பேர் என்று நீ எழுதுவதற்கு முன்பே எனக்குத் தெரியும்.

செவ்வாய் மாலை விமானம். விமான நிலையத்துக்கு அப்பாவை அனுப்பு, நீயும் வா. பதிவேட்டில் என் பெயரை நீ எழுதாதே, நான் வந்து எழுதுகிறேன். அந்தக் குதிரைகளை யாரும் திருப்ப வேண்டாம்.

அக்கா